ஷட் டவுன் அழுத்திய பிறகு திறந்திருக்கும் செயலிகளுக்கு என்ன ஆகிறது?

ஷட் டவுன் அழுத்துகிறோம், சில வினாடிகளில் திரை கறுத்துவிடுகிறது. அந்தச் சில வினாடிகளுக்குள் கணினியில் நிறைய நடக்கிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு செயலியிடமும் இயங்குதளம் போய், "மூடப் போகிறேன், சரியா?" என்று கேட்கிறது. செயலி சரி என்கிறது, பொறு என்கிறது, அல்லது பதிலே சொல்லாமல் இருக்கிறது. பதில் வராத செயலிக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, அதற்கு மேலும் அசையாவிட்டால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அந்த விதிகளில் சிலவற்றை நாமே மாற்றலாம். எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், கேட்டுவிட்டு மூட வேண்டிய அவசியம் என்ன? நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம் சேவ் செய்யும் வரை ரேமில் மட்டும்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். சேவ் செய்த பிறகும்கூட முழு நிம்மதி கிடையாது. வேகத்துக்காக இயங்குதளம் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே வைத்திருந்து, பிறகுதான் டிஸ்க்கில் இறக்கும். டேட்டாபேஸ், மெயில் செயலி, பிரவுசர் எல்லாம் பின்னணியில் பல கோப்புகளைத் திறந்து வைத்திருக்கின்றன. பாதி எழுதிய நிலையில் ஒன்றை நிறுத்தினால் அந்தக் கோப்பு அடுத்த முறை திறக்காமலே போகலாம். ஆகவே செயலிகள் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள அவகாசம் தேவைப்படுகிறது.

விண்டோஸ் கேட்கும் இரண்டு கேள்விகள்

விண்டோஸ் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு செய்தி போகும். "இந்த செஷனை முடிக்கலாமா?" என்பதுதான் அதன் பொருள். செயலி ஆம் அல்லது இல்லை என்று பதில் தர வேண்டும். எல்லாரும் சரி என்றால் இரண்டாவது செய்தி வரும்: "முடிக்கிறோம், உன் வேலையை முடித்துக்கொள்." அதன் பிறகு செயலி எந்த நொடியிலும் நிறுத்தப்படலாம்.

ஒரு செயலி இல்லை என்று சொன்னாலோ, சுமார் 5 வினாடிக்குள் பதிலே தராமல் இருந்தாலோதான் அந்தப் பழக்கமான திரை வருகிறது. எந்தெந்தச் செயலிகள் ஷட் டவுனைத் தடுக்கின்றன என்ற பட்டியல், அதன் கீழே "ஷட் டவுன் எனிவே", "கேன்சல்" என்று இரண்டு பட்டன்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து செயலிகள் தாங்கள் தடுப்பதற்கான காரணத்தையும் ஒரு வரியில் அந்தத் திரையில் எழுதிவைக்க முடியும். "சிடியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்", "சேவ் செய்யாத கோப்பு இருக்கிறது" என்பது போல. இந்த வசதியைப் பயன்படுத்தாத செயலிகள் நிறையவே இருக்கின்றன. அதனால்தான் வெறும் பெயரை மட்டும் பார்த்துக் குழம்புகிறோம்.

திரையில் கண்ணுக்குத் தெரியும்படி ஜன்னல் எதுவும் இல்லாத செயலிகளின் கதை வேறு. அவை தடுத்தாலும் விண்டோஸ் நம்மிடம் கேட்பதில்லை, தானாகவே நிறுத்திவிடுகிறது. பயனர் பார்க்கவே முடியாத ஒன்றைப் பற்றிப் பயனரிடம் கேட்டு என்ன பயன் என்பது அதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான். இதை மாற்றிக்கொள்ள, கணினிக்கான நிர்வாக விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில், சிஸ்டம் பிரிவின் ஷட் டவுன் ஆப்ஷன்ஸில் ஓர் அமைப்பு உண்டு. அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

பட்டியலில் "டாஸ்க் ஹோஸ்ட் விண்டோ" என்ற பெயர் வந்தால் பலரும் வைரஸோ என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. டிஎல்எல் எனப்படும், தனியாக ஓட முடியாத நிரல் கோப்புகளிலிருந்து வரும் வேலைகளைத் தன் பெயரில் ஓட்டித்தருவது டாஸ்க் ஹோஸ்ட். அதன் உள்ளே ஏதோ ஒரு வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் அந்தப் பெயர் நமக்குச் சொல்கிறது. எந்த வேலை என்று அது காட்டாது, அதுதான் எரிச்சல். எப்போதாவது ஒருமுறை வந்தால் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானே விலகிவிடும். தினமும் வந்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் என்னென்ன வேலைகள் அந்த நேரத்தில் ஓடுகின்றன என்று பார்க்க வேண்டியதுதான்.

"ஷட் டவுன் எனிவே" அழுத்தினால் மீதமிருக்கும் செயலிகள் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். சேவ் செய்யாதது போய்விடும். சந்தேகமாக இருந்தால் கேன்சல் அழுத்தி, டெஸ்க்டாப்புக்குத் திரும்பி, அந்தச் செயலி என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஷட் டவுன் கொடுப்பதே சரி. பல சமயம், வேறு ஜன்னல்களுக்குப் பின்னால் மறைந்து, "சேவ் செய்யவா?" என்று ஒரு சின்னப் பெட்டி காத்துக்கொண்டிருக்கும்.

ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் அந்த மூன்று மதிப்புகள்

"ஷட் டவுன் வேகமாக நடக்க வேண்டுமா?" என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி. ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, நடப்புப் பயனருக்கான கிளையில் கன்ட்ரோல் பேனல், அதனுள் டெஸ்க்டாப் என்ற இடத்துக்குப் போய் மூன்று மதிப்புகளை மாற்றச் சொல்வார்கள். அவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு தொடுவது நல்லது.

"ஹங்ஆப்டைம்அவுட்" என்பது, ஒரு செயலி எவ்வளவு நேரம் பதிலளிக்காமல் இருந்தால் அது உறைந்துவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்கிறது. இயல்பு 5000, அதாவது 5 வினாடி. எல்லாமே மில்லிவினாடிக் கணக்கு. "வெயிட்டுகில்ஆப்டைம்அவுட்" என்பது ஷட் டவுன் நேரத்தில் செயலிக்குக் கொடுக்கும் அவகாசம், இயல்பு 20000. மூன்றாவதான "ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ்" இருப்பதில் ஆபத்தானது. இயல்பாக அது 0. அதை 1 ஆக்கினால், தடுக்கும் செயலிகளை விண்டோஸ் நம்மிடம் கேட்காமலே நிறுத்திவிடும். அந்தப் பட்டியல் திரையே வராது. பல கணினிகளில் இந்தப் பெயர்கள் ரிஜிஸ்ட்ரியில் எழுதியே இருக்காது. இல்லாதபோது இயல்பு மதிப்பு செயல்படும். மாற்ற வேண்டுமானால் சரம் (ஸ்டிரிங்) வகையில் நாமே உருவாக்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸை 1 ஆக்குவது மோசமான பேரம். மிச்சமாவது சில வினாடிகள், பணயம் வைப்பது சேவ் செய்ய மறந்த ஒரு நாள் வேலை. ஒரே ஒரு செயலிதான் எப்போதும் தாமதம் செய்கிறது என்றால் அந்தச் செயலியைப் பாருங்கள்: அப்டேட் செய்யுங்கள், அல்லது அணைப்பதற்கு முன் கையால் மூடுங்கள், இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள். ஒரு செயலியின் குறைக்காக எல்லாச் செயலிகளின் அவகாசத்தையும் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத கணினி, உதாரணமாக வெறும் அறிவிப்புத் திரையாக ஓடும் ஒன்று என்றால் மட்டும் அந்த 1 பொருத்தமாக இருக்கும். அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை.

சர்வீஸ்களுக்கு, அதாவது பின்னணிச் சேவைகளுக்கு, தனி மதிப்பு இருக்கிறது. "வெயிட்டுகில்சர்வீஸ்டைம்அவுட்" என்று பெயர். முழுக் கணினிக்குமான கிளையில் இருக்கும். விண்டோஸ் 8-க்குப் பிறகு அதன் இயல்பு 5000. அதை இன்னும் குறைக்கும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். கணினியில் டேட்டாபேஸ் சேவை ஓடுகிறதென்றால் வேண்டவே வேண்டாம்.

நேரம் குறித்து அணைக்கும்போது ஒரு பொறி

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலில் ஷட்டவுன் என்ற கட்டளை இருக்கிறது. அதோடு எஸ் கொடுத்தால் அணையும், ஆர் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகும். டி போட்டு வினாடி எண்ணைக் கொடுத்தால் அவ்வளவு நேரம் காத்திருக்கும். 3600 கொடுத்தால் ஒரு மணி நேரம். உச்ச வரம்பு 315360000 வினாடி, பத்து வருஷம்! எதற்கு என்று கேட்காதீர்கள். மனம் மாறினால் அதே கட்டளையோடு ஏ கொடுத்து ரத்து செய்யலாம்.

பொறி எங்கே என்றால், எஃப் என்று ஒரு விருப்பமும் இதில் உண்டு. திறந்திருக்கும் செயலிகளை எச்சரிக்காமல் வலுக்கட்டாயமாக மூடு என்று பொருள். நாம் அதைக் கொடுக்காவிட்டாலும், டி-க்கு 0-க்கு மேல் ஓர் எண்ணைக் கொடுத்தாலே எஃப் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். டவுன்லோட் முடிந்ததும் அணையட்டும் என்று இரவில் ஒரு மணி நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு, திறந்து கிடந்த கோப்பு காலையில் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது இப்படித்தான் இருந்தாக வேண்டும். நேரம் குறித்து அணைப்பவர் அந்த நேரத்தில் கணினி முன்னால் இருக்க மாட்டார், கேட்டால் பதில் வராது. ஆனால் அந்த விவரம் கட்டளையின் உதவிப் பக்கத்தில் ஒரு வரியாக ஒளிந்திருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. நேரம் குறிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சேவ் செய்துவிடுங்கள்.

மூடிய செயலிகள் மறுபடி திறப்பது

சிலருக்கு இதற்கு நேர்மாறான குறை. கணினியை ரீஸ்டார்ட் செய்ததும், மூடிவிட்டதாக நினைத்த செயலிகள் தாமாகவே எழுந்து நிற்கும். விண்டோஸில் ஒரு செயலி, "என்னை மூடினால் மறுபடி திறந்துவிடு" என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போனால், மறுபடி தொடங்கக்கூடிய செயலிகளைச் சேமித்துவைத்து, சைன்-இன் செய்யும்போது திறப்பதற்கான சுவிட்ச் இருக்கிறது. வேண்டுமானால் போடுங்கள், வேண்டாமானால் அணையுங்கள். எல்லாச் செயலிகளும் இதற்குக் கட்டுப்படாது. பதிவு செய்துகொண்டவை மட்டும்தான். ஸ்டார்ட்அப் பட்டியலில் இருப்பதால் எழும் செயலிகள் வேறு வகை. அவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில்தான் நிறுத்த வேண்டும்.

இங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸ் 8-இல் வந்த இந்த வசதி, ஷட் டவுன் செய்யும்போது கணினியின் உள்மையமான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்கிறது. ஆனால் பயனர் செயலிகள் அதில் சேமிக்கப்படுவதில்லை. அவை வழக்கம்போல மூடப்பட்டே தீரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஈடுபடுவதே இல்லை, எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

திறந்ததெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதுதான் உங்கள் தேவையென்றால், ஷட் டவுன் அமைப்புகளோடு மல்லுக்கட்டாமல் ஹைபர்னேட் பயன்படுத்துங்கள். ரேமில் இருப்பது முழுவதும் டிஸ்க்கில் எழுதப்பட்டு மின்சாரம் நிற்கும். எந்தச் செயலியும் மூடப்படாது, எந்தக் கேள்வியும் வராது. பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அதை மெனுவில் காட்டச் சொல்லலாம். ஸ்லீப்பும் செயலிகளை மூடாது, ஆனால் அதற்கு ரேமில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

லினக்ஸ் வழி

லினக்ஸில் இதே உரையாடல் சிக்னல்கள் எனப்படும் எண்ணிட்ட குறுஞ்செய்திகள் மூலம் நடக்கிறது. முதலில் போவது சிக்டெர்ம், எண் 15. முடித்துக்கொள் என்ற வேண்டுகோள் அது. புரோகிராம் அதைப் பிடித்து, கோப்புகளை எழுதி, இணைப்புகளைத் துண்டித்து, தானே வெளியேறலாம். அலட்சியமும் செய்யலாம். அலட்சியம் செய்தால் அடுத்து சிக்கில், எண் 9. இதை எந்தப் புரோகிராமும் பிடிக்க முடியாது, தள்ளிப்போட முடியாது. கெர்னலே அதை நிறுத்திவிடும். இரண்டு சிக்னலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான் நாம் மாற்றக்கூடிய அம்சம்.

இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் இதை நடத்துவது, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. அதன் இயல்பு அவகாசம் 90 வினாடி. அணைக்கும்போது கறுப்புத் திரையில் "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்று ஒரு வரி வந்து, பக்கத்தில் ஒன்றரை நிமிடம் வரை நேரம் ஓடுவதைப் பார்த்திருந்தால், அது இந்த 90 தான். யாரோ ஒருவர் சிக்டெர்முக்கு அசையவில்லை, சிஸ்டம்டி பொறுமையாகக் காத்திருக்கிறது. லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான ஃபெடோரா, 2023-இல் வந்த 38-ஆம் பதிப்பில் இதை 45 வினாடியாகக் குறைத்தது.

நாமும் குறைக்கலாம். ஈடிசி கோப்புறையில், சிஸ்டம்டி பிரிவில் உள்ள சிஸ்டம் கான்ஃப் கோப்பில் "டிஃபால்ட்டைம்அவுட்ஸ்டாப்செக்" என்ற வரி இருக்கும். அதன் முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு 30 வினாடி என்று கொடுத்தால் எல்லாச் சேவைகளுக்கும் அதுதான் இயல்பு. ஆனால் இங்கும் நான் முன்பு சொன்னதே பொருந்தும்: தாமதம் செய்யும் சேவையின் பெயர் அந்த வரியிலேயே எழுதியிருக்கும். அந்த ஒரு சேவைக்கு மட்டும் "டைம்அவுட்ஸ்டாப்செக்" கொடுத்தால் போதுமே. விண்டோஸைவிட லினக்ஸ் இந்த விஷயத்தில் வசதி, ஏனென்றால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி அவகாசம் வைக்க முடிகிறது.

எதிர்த்திசையிலும் போகலாம். இப்போது அணைக்காதே என்று ஒரு புரோகிராம் சொல்ல வழி உண்டு. சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்ற கட்டளையோடு நீண்ட வேலை ஒன்றைத் தொடங்கினால், அது முடியும் வரை சாதாரண ஷட் டவுன் கோரிக்கை தடுக்கப்படும். பேக்கப் எடுக்கும்போது இது அருமையாக உதவும். அதே கட்டளையோடு லிஸ்ட் கொடுத்தால், தற்போது யார் யார் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும்.

டெர்மினலில் ஷட்டவுன் கட்டளையைப் பயன்படுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள். டெஸ்க்டாப் மெனு வழியாகப் போகும்போது, சேவ் செய்யவா என்று எடிட்டர்கள் கேட்க வாய்ப்பிருக்கிறது. டெர்மினல் வழியாகப் போனால் பெரும்பாலும் அந்தக் கேள்வி கிடையாது, நேராக சிக்னல்தான். நேரம் எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு நிமிடம் கழித்து அணையும். அதற்குள் சி விருப்பத்தோடு அதே கட்டளையைக் கொடுத்தால் ரத்தாகும்.

மேக்

மேக்கில் நுணுக்கம் குறைவு. ஒவ்வொரு செயலிக்கும் வெளியேறு என்ற செய்தி போகிறது. அது உடனே சரி எனலாம், ரத்து செய்யலாம், கொஞ்சம் பொறு எனலாம். ஒன்று மட்டும் ரத்து செய்தாலும் மொத்த ஷட் டவுனும் நின்றுவிடும். எந்தச் செயலி குறுக்கிட்டது என்று ஒரு செய்தி வரும். ஷட் டவுன் பெட்டியில் இருக்கும் டிக் பெட்டி, மறுபடி லாகின் செய்யும்போது ஜன்னல்களைத் திறக்கவா என்று கேட்பது, 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதே பதிப்பில் தானாகச் சேமிக்கும் வசதியும் வந்தது. அந்த வசதியைப் பயன்படுத்தும் செயலிகளில் சேவ் செய்யவா என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. மெனுவைத் திறந்து, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் தேர்ந்தெடுத்தால் அந்த உறுதிப்படுத்தும் பெட்டி வராது. ஆனால் சேவ் செய்யாத கோப்பு இருந்தால் செயலி அப்போதும் கேட்கும்.

செயலிகள் தாமே பார்த்துக்கொள்வது

மேக் காட்டிய இந்த வழியைத்தான் மற்றவர்களும் இப்போது பின்பற்றுகிறார்கள். விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேட், சேவ் செய்யாத தாவல்களையும் அப்படியே வைத்திருந்து அடுத்த முறை திறக்கிறது. ஷட் டவுனைத் தடுக்க அதற்குக் காரணமே இல்லை. பிரவுசர்களில், விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பைப் போட்டுவிட்டால் தாவல்கள் திரும்பி வரும். பாதி நிரப்பிய படிவம் மட்டும் திரும்புமா என்பது அந்த இணையதளத்தைப் பொறுத்தது, நம்ப வேண்டாம். வேர்டில் ஆட்டோரெக்கவர் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை நகல் எடுக்கிறது. அதை 2 அல்லது 3 நிமிடமாக்குவது, ரிஜிஸ்ட்ரியில் கைவைப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ள மாற்றம்.

பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை தட்டினால் அது இயங்குதளத்துக்கு ஒரு கோரிக்கை மட்டுமே, மேலே சொன்ன உரையாடல் எல்லாம் நடக்கும். சுமார் 4 வினாடி அல்லது அதற்கு மேல் அழுத்திப் பிடித்தால் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும். செயலிக்கும் தெரியாது, இயங்குதளத்துக்கும் தெரியாது. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு, வைத்திருப்பதால் டிஸ்க்கின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஜர்னல் காப்பாற்றுவது கட்டமைப்பைத்தான், நீங்கள் கடைசியாகத் தட்டச்சு செய்த பத்தியை அல்ல. திரை முழுக்க உறைந்து, எதற்கும் அசையாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

நேற்று இரவு கணினி எப்படி அணைந்தது என்று சந்தேகம் வந்தால் அதற்கும் பதிவு இருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தப் புரோகிராம், எந்தப் பயனர் பெயரில், ஷட் டவுனையோ ரீஸ்டார்ட்டையோ தொடங்கியது என்று அங்கே எழுதியிருக்கும். 6008 இருந்தால் எதிர்பாராமல் அணைந்தது என்று பொருள், கூடவே 41 என்ற எண்ணும் இருக்கலாம். லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு பி விருப்பமும் மைனஸ் 1 என்ற எண்ணும் கொடுத்தால் கணினி முந்தைய முறை இயங்கியபோது எழுதிய பதிவு வரும். அதன் கடைசிப் பக்கத்துக்குப் போனால், எந்தச் சேவை சிக்டெர்முக்கு அசையாமல் சிக்கில் வாங்கியது என்பது பெயரோடு தெரிந்துவிடும்.